நூறு மட்டும் சொல்லுறான், அஞ்சு எடுத்துத் தரத் தெரியேல்லை

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சன். மகனுக்கு நாலரை வயது, தமிழிலயும் இங்கிலீசிலயும் நூறு மட்டும் கடகடவெண்டு சொல்லுறான், அம்பது மட்டும் கொப்பியில எழுதுறான், ஆனா குசினியில கிடக்கிற மாம்பழத்தில அஞ்சு எடுத்துக்கொண்டு வா எண்டால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வாறான், ஏழு கூடவோ அஞ்சு கூடவோ எண்டு கேட்டால் முழுசுறான், வாற தை மாதம் தரம் 1, இப்பவே கணக்கு ரியூசனுக்கு விடவோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

முதல் மறுமொழியைச் சொல்லிப்போட்டுப் பிறகு காரணத்துக்கு வாறன். ரியூசன் வேண்டாம். நீங்கள் எழுதினது முழுக்க அந்த வயதில கனபிள்ளையளிட்ட நான் கண்டதுதான், பயப்பிட ஒண்டும் இல்லை. ஆனா வீட்டில செய்யவேண்டிய வேலை ஒண்டு இருக்கு, அதை ஒருத்தருக்கும் காசு குடுத்துச் செய்விக்க ஏலாது. நான் முப்பது வருசத்துக்கு மேல ஆரம்பப் பிரிவில, அதிலயும் கூடுதலா தரம் 1, 2லதான் நிண்டனான், இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு கொக்குவில்ல வீட்டோட இருக்கிறன், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், ஆறுதலா இருந்து வாசியுங்கோ.

நூறு மட்டும் சொல்லுறது பாட்டுப் பாடமாக்கிறது மாதிரி. நேசரிக் கலைவிழாவில பிள்ளையள் கருத்துத் தெரியாமலே வடிவா ராகத்தோட பாடுங்கள் பாருங்கோ, அதே வேலைதான். அது தேவையில்லை எண்டு நான் சொல்லேல்லை, எண்ணுறதுக்கு அந்தப் பாட்டு ஒழுங்காத் தெரிஞ்சிருக்கத்தான் வேணும். ஆனா எண்ணுறதுக்குள்ள இன்னும் கன விசயம் ஒளிஞ்சிருக்கு, எங்களுக்கு அது பழகிப்போனதால கண்ணில படுறேல்லை. 1978ல ரோஷெல் கெல்மன், ராண்டி கலிஸ்டல் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் இதை அஞ்சாப் பிரிச்சுக் காட்டினவை. சொல்லு எப்பவும் ஒரே ஒழுங்கில வரவேணும், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லுத்தான் குடுக்கலாம், கடைசியாச் சொன்ன சொல்லுத்தான் முழுக் கூட்டத்துக்கும் உரிய எண், எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்தால தொடங்கினாலும் எண்ணிக்கை மாறாது. உங்கட மகனுக்கு முதலாவது வந்திட்டுது. நிக்கிறது மூண்டாவதில. கடைசியாச் சொன்ன "அஞ்சு" எண்ட சொல்லு அந்தக் கடைசி மாம்பழத்தின்ர பேர் எண்டு அவன் நினைச்சுக்கொண்டிருக்கிறான், அது முழு மாம்பழத்துக்கும் உரிய சொல்லு எண்டு இன்னும் பிடிபடேல்லை. இதுக்கு அடையாளம் என்னெண்டால், ஒரு பிள்ளையிட்ட எண்ணச் சொல்லிப்போட்டு எண்ணி முடிஞ்ச உடன "அப்ப எத்தினை?" எண்டு கேளுங்கோ, விளங்கின பிள்ளை "அஞ்சு" எண்டு சொல்லும், விளங்காத பிள்ளை திருப்பி ஒண்டு ரெண்டு எண்டு முதல்ல இருந்து எண்ணத் தொடங்கும்.

இண்டைக்குப் பின்னேரம் இதைச் செய்து பாருங்கோ. சுளகில ஒரு இருபது புளியங்கொட்டையைப் போடுங்கோ, பக்கத்தில ஒரு பொம்மையை இருத்துங்கோ. "பொம்மைக்கு ஒண்டு குடு" எண்டு கேளுங்கோ. பிறகு ரெண்டு, பிறகு மூண்டு, பிறகு நாலு. எங்க வந்து பிள்ளை எண்ணாமல் அள்ளிக் குடுக்குதோ அங்கதான் அவன்ர எண் அறிவு முடியுது. கரன் வின் எண்ட ஆராய்ச்சியாளர் 1990ல இந்த மாதிரித்தான் சின்னப் பிள்ளையளைக் கேட்டுப் பாத்தவ, பத்து மட்டும் பாடத் தெரிஞ்ச பிள்ளையளே முதல்ல ஒண்டை மட்டும் சரியாக் குடுக்கும், ரெண்டு கேட்டாலும் மூண்டு கேட்டாலும் கை நிறைய அள்ளும், கொஞ்ச மாதத்தால ரெண்டு பிடிபடும், பிறகு மூண்டு. ஒவ்வொண்டா வந்து வந்து ஒருநாள் எல்லா எண்ணுக்கும் சேர்த்து வெளிச்சம் வந்திடும். சில பிள்ளையளுக்கு மூண்டரை வயதில, சிலதுக்கு நாலு நாலரை தாண்டி. மகன் மூண்டு மட்டும் சரியாக் குடுத்தால் வாசல்லதான் நிக்கிறான் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.

அந்த வெளிச்சம் வர என்ன செய்யலாம் எண்டால், எண்ணுறதையும் எத்தினை எண்டதையும் ஒரே மூச்சில சேர்த்துச் சொல்லுறதுதான். நாங்கள் வழமையா எண்ணி மட்டும் விடுவம், ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு. அப்பிடி விடாமல் முதல்லயே "இஞ்ச பார் நாலு தோடம்பழம்" எண்டு சொல்லிப்போட்டு உடன தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டி, கடைசியில கையால ஒரு வட்டம் போட்டு "எல்லாமா நாலு" எண்டு சொல்லுங்கோ. சோதிச்சுப் பாத்தவையும் முதல் எண்ணிக்கையைச் சொல்லி உடனேயே எண்ணிக் காட்டுறதுதான் பிள்ளையளுக்கு ஏறுது எண்டு கண்டிருக்கினம். பாக்கச் சின்ன வித்தியாசம்தான், அந்தக் கை வட்டத்தில பிள்ளையின்ர கண் போறதைப் பாத்தால் உங்களுக்கே விளங்கும்.

சிக்காகோவில சூசன் லெவைன் எண்டவவும் கூட நிண்டவையும் 44 குடும்பத்தின்ர வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு 14 மாதம் தொடங்கி 30 மாதம் மட்டும் அஞ்சு தரம், ஒவ்வொரு தரமும் ஒண்டரை மணித்தியாலம், சும்மா வீட்டில கதைக்கிறதை வீடியோ எடுத்தவை. எல்லாமா ஏழரை மணித்தியாலம். அதுக்குள்ள ஒரு வீட்டில பெற்றார் எண் சொல்லுச் சொன்னது 4 தரம், இன்னொரு வீட்டில 257 தரம். நாலு வயது கிட்ட வரேக்க ஆர் வீட்டுப் பிள்ளைக்கு எண்ணின்ர கருத்துக் கூட விளங்கிச்சுது எண்டு நான் சொல்லத் தேவையில்லை. 2010ல வந்த ஆராய்ச்சி இது. எனக்கு இதை வாசிச்ச உடன என்ர அம்மம்மாவின்ர குசினிதான் ஞாபகம் வந்தது, அவ பள்ளிக்கூடம் போனது ரெண்டு மூண்டு வருசம்தான், ஆனா இடியப்பம் பிழியேக்க தட்டை எண்ணுவா, அரிசி போடேக்க சுண்டை எண்ணுவா, எங்களை வைச்சு எண்ணுவிப்பா, "ஆறு பேர் சாப்பிட, அஞ்சு கோப்பைதான் கிடக்கு, ஆருக்கு இல்லை பாப்பம்" எண்டு கேப்பா. அது கணக்குப் படிப்பிக்கிறது எண்டு அவவுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது.

எனக்கு இது வேலையில விளங்கினது 1995 ஐப்பசி இடப்பெயர்வுக்குப் பிறகு. சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து சனம் முழுக்க ராவோட ராவா தென்மராட்சிக்குப் போனது உங்கட அம்மா அப்பா சொல்லிக் கேட்டிருப்பீங்கள். நாங்கள் மீசாலைப் பக்கம் ஒரு வளவுக்குள்ள இருந்தனாங்கள், பக்கத்து வளவுகளில இருந்த சின்னப் பிள்ளையளைச் சேர்த்து மாமரத்துக்குக் கீழ இருத்தி ஏதாவது சொல்லிக் குடுப்பம் எண்டு தொடங்கினால் கொப்பி இல்லை, பென்சில் ரெண்டு மூண்டு, போட் இல்லை. அது வரைக்கும் நான் படிப்பிச்ச முறை போட்டில எழுதி வாசிப்பிச்சுக் கொப்பியில எழுதுவிக்கிறதுதான். இஞ்ச வேற வழியில்லாமல் ஈர்க்கை விரல் நீளத்துக்கு முறிச்சு, புளியங்கொட்டை பொறுக்கி, சிரட்டையை எடுத்துக்கொண்டுதான் இருந்தம். தை, மாசி போய் சித்திரையில திரும்பி ஊருக்கு வரேக்க அந்தப் பிள்ளையளுக்கு எழுத்து ஒழுங்கா வராது, ஆனா எட்டுக்குள்ள எத்தினை மூண்டு இருக்கு, மிச்சம் எத்தினை எண்டு கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். கொப்பியோட படிச்ச பிள்ளையளிட்ட நான் அதுவரை உப்பிடிக் காணேல்லை. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில எனக்குக் கொப்பி, போட் எல்லாம் வந்தும் ஈர்க்கையும் சிரட்டையையும் நான் விடேல்லை.

சிரட்டை விளையாட்டைச் சொல்லுறன், மகனோட கட்டாயம் விளையாடுங்கோ. அஞ்சு புளியங்கொட்டையை நிலத்தில வைச்சு எண்ணிக் காட்டுங்கோ. அவன் கண்ணை மூட, கொஞ்சத்தைச் சிரட்டையால மூடுங்கோ. வெளியில ரெண்டு கிடக்கு. "உள்ளுக்கு எத்தினை?" முதல் முதல் சும்மா ஊகிச்சுச் சொல்லுவான், பிழைச்சால் பிழை எண்டு சொல்லாதேங்கோ, சிரட்டையைத் தூக்குங்கோ, கொட்டையே சொல்லும். கொஞ்ச நாளால விரலைப் பாப்பான், ரெண்டை மடக்கி மிச்சத்தைப் பாப்பான். பேந்து விரலும் பாக்கான். அஞ்சு எண்டால் ரெண்டும் மூண்டும், நாலும் ஒண்டும், அஞ்சும் சைபரும் எண்டு எழுதாமல் படிக்காமல் கைக்குள்ள வந்திடும். எல்லாக் கொட்டையும் வெளியில கிடக்க வெறும் சிரட்டையைக் கவிட்டு வைச்சு உள்ளுக்கு எத்தினை எண்டு கேளுங்கோ, சைபர் எண்டதை அப்பிடித்தான் பிள்ளை சிரிச்சுக்கொண்டு படிக்கும். (1939ல மெட்ராசுக்கு வந்து இந்தியாவில கன வருசம் இருந்த, மொண்டிசோரிப் படிப்பு முறையை உருவாக்கின மரியா மொண்டிசோரி அம்மாவின்ர எண்ணப் பழக்குற குச்சிப் பெட்டியிலயும் சைபருக்கு எண்டு ஒரு தட்டு இருக்கு, அதுக்குள்ள ஒரு குச்சியும் போடுறேல்லை, வெறுமையாத்தான் விடுறது.) அஞ்சு நல்லா வந்த பிறகு ஆறு, பிறகு ஏழு. பத்துக்குப் போக அவசரப்படாதேங்கோ, தரம் 1 முழுக்க அதுக்குத்தான் இருக்கு.

இதோட சேர்ந்த இன்னொண்டு, எண்ணாமல் பாத்த உடன சொல்லுறது. மூண்டு, சில பேருக்கு நாலு மட்டும், எங்கட கண்ணுக்கு எண்ணத் தேவையில்லை, பாத்த உடன தெரியும். சிரட்டையை ரெண்டு செக்கன் தூக்கிக் காட்டிப்போட்டு மூடி "எத்தினை கண்டனி?" எண்டு கேளுங்கோ. தாயக்கட்டைப் புள்ளியும் இதுக்கு நல்லது.

இப்ப தமிழ் எண்ணுக்கு வாறன், இதில எங்கட பெற்றாருக்கு ஒரு நட்டம் நடக்குது. வீட்டில எண்ணேக்க வண், ரூ, த்ரீ எண்டுதான் எண்ணுறம், நேசரியிலயும் அதுதான். அது தெரிஞ்சிருக்கட்டும். ஆனா கருத்து விளங்குற வயதில தமிழில எண்ணுறது பிள்ளைக்குப் பெரிய உதவி. பதினொண்டு எண்டால் பத்தும் ஒண்டும், பதினாலு எண்டால் பத்தும் நாலும், காதால கேக்கேக்கையே உள்ளுக்கு பத்து இருக்கிறது தெரியும். இலெவன், ருவெல்வ் எண்டதுக்குள்ள பத்து இருக்கெண்டு எந்தப் பிள்ளையாலயும் கண்டுபிடிக்க ஏலாது. சீன மொழியிலயும் பத்து ஒண்டு, பத்து ரெண்டு எண்டுதான் போகும், அதால கெவின் மில்லர் எண்டவரும் ஆக்களும் சீனப் பிள்ளையளையும் அமெரிக்கப் பிள்ளையளையும் எண்ண விட்டுப் பாக்கேக்க பத்து மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான், பத்துத் தாண்டின உடனதான் அமெரிக்கப் பிள்ளையள் தடக்குப்பட்டிச்சினம். எங்கட மொழியும் அந்த விசயத்தில சீன மொழிக்குக் கிட்டத்தான், அந்த வசதியை நாங்கள் ஏன் விடவேணும்?

தமிழில தடக்குப்படுற இடமும் இருக்கு. எண்பத்தொம்பதுக்குப் பிறகு பிள்ளையள் "ஒம்பதுபது" எண்டோ "எண்பத்துப்பத்து" எண்டோ சொல்லுங்கள், கனபேர் அதுக்குப் பேசுவினம். பேசாதேங்கோ, அந்தப் பிள்ளை ஒழுங்கைக் கண்டுபிடிச்சுத்தான் அப்பிடிச் சொல்லுது. எழுத்துத் தமிழில பாருங்கோ, ஒன்பது எண்டதின்ர வாலில "பது", தொண்ணூறின்ர வாலில "நூறு", தொள்ளாயிரத்தின்ர வாலில "ஆயிரம்". ஒவ்வொண்டும் தனக்கு மேல வாற பெரியாளின்ர பேரைச் சேர்த்து வைச்சிருக்கு. தொண்ணூறு நூறு இல்லை, நூறுக்குப் பக்கத்து வீடு எண்டு நான் வகுப்பில சொல்லுறனான், அதோட அந்தத் தடக்கு நிண்டிடும்.

எழுதேக்க வாற பிழை வேற மாதிரி. பதினேழு எழுது எண்டால் 107 எண்டு எழுதும். காதில பத்து எண்டும் ஏழு எண்டும் விழுந்தது, ரெண்டையும் எழுதிப்போட்டுது, அதின்ர பக்கத்தில நியாயம் இருக்கு. இதுக்குச் சிவப்பு மையால பிழை போட்டு ஒரு பக்கம் 17, 17 எண்டு எழுதுவிச்சால் கைதான் நோகும். பழைய கலண்டர் மட்டையில 10 எண்டு அகலமா ஒரு துண்டு வெட்டுங்கோ, 7 எண்டு பாதி அகலத்தில இன்னொரு துண்டு. 7ஐத் தூக்கி 10இன்ர சைபருக்கு மேல வைச்சால் 17. தூக்கிப் பாத்தால் உள்ளுக்கு சைபர் ஒளிஞ்சிருக்கு. பக்கத்தில பத்து ஈர்க்கை நாரால கட்டி ஒரு கட்டு, தனி ஈர்க்கு ஏழு. என்ர வகுப்பில ஒரு பெட்டைப்பிள்ளை மட்டையைத் தூக்கித் தூக்கிப் பாத்துப்போட்டு "ரீச்சர், இதுக்குள்ள பத்து நித்திரை கொள்ளுது" எண்டு சொன்னவள். அதுக்கு மேல இடப்பெறுமானத்தை நான் எப்பிடி விளங்கப்படுத்துறது. ஆனா இது தரம் 1 கடைசியிலயும் தரம் 2லயும் வாற வேலை, இப்ப மகனுக்கு வேண்டாம். அம்பது மட்டும் எழுதுறான் எண்டு சந்தோசப்பட்டீங்கள், உண்மையில அந்த எழுத்தை இப்ப கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டினாலும் நட்டமில்லை. இலக்கங்களைத் திருப்பி எழுதினால், 3ஐ மறுபக்கம் பாத்தபடி எழுதினால் அதுக்கும் பயப்பிடாதேங்கோ, ஆறு ஏழு வயதுக்குள்ள அனேகமாப் போயிடும்.

ஏழு கூடவோ அஞ்சு கூடவோ எண்டதுக்கு முத்தத்தில ஒரு வழி இருக்கு. எட்டுக்கோடு கீறுற மாதிரி, ஆனா நேரா ஒரே வரிசையில, பத்துப் பெட்டி கீறி 1 இல இருந்து 10 மட்டும் எழுதுங்கோ. ஒண்டும் ரெண்டும் மட்டும் விழுற மாதிரி ஏதாவது, ஒரு பக்கம் கறுப்பாக்கின சோகியோ குத்தியோ போட்டு, விழுற அளவுக்குப் பாயட்டும். இதில ஒரு நுணுக்கம். அஞ்சில நிக்கிற பிள்ளைக்கு ரெண்டு விழுந்தால் "ஒண்டு, ரெண்டு" எண்டு சொல்லிப் பாயக்கூடாது, "ஆறு, ஏழு" எண்டு பெட்டியின்ர எண்ணைச் சொல்லித்தான் பாயவேணும். 2008ல ஜீத்தா ரமணி, றொபேட் சீக்லர் எண்டவை வசதி குறைஞ்ச வீட்டு நேசரிப் பிள்ளையளோட இந்த மாதிரி ஒரு பலகை விளையாட்டைத்தான் விளையாடினவை, ஒரு தரத்துக்கு 15 தொடக்கம் 20 நிமிசம், நாலே நாலு தரம், ரெண்டு கிழமைக்குள்ள முடிஞ்சுது. ஒரே விளையாட்டை எண்ணுக்குப் பதிலா நிறத்தை வைச்சு விளையாடின பிள்ளையளுக்கு ஒண்டும் மாறேல்லை, எண் வைச்சு விளையாடினதுகளுக்கு எது பெரிசு எது சின்னன், எந்த எண் எங்க இருக்கும் எண்டதெல்லாம் திருந்தி, ரெண்டு மாதம் கழிச்சுப் பாக்கேக்கையும் அப்பிடியே நிண்டது. காரணம் லேசு. ஏழுக்குப் போக அஞ்சை விடக் கூடத் தரம் பாயவேணும், கூட நேரம் போகும், கூடச் சொல்லுச் சொல்லோணும், ஏழு கூட எண்டது காலிலயும் வாயிலயும் சேர்ந்து ஏறுது. பாம்பும் ஏணியும் நல்ல விளையாட்டுத்தான், ஆனா வரிசை வளைஞ்சு வளைஞ்சு போறதால நாலு வயதுக்குக் குழம்பும்.

கேள்வி கேக்கிற விதத்தையும் சொல்லோணும். நாங்கள் பெரியாக்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பிள்ளை சரியாச் சொன்னாலும் "வடிவா யோசிச்சுச் சொல்லு, எத்தினை?" எண்டு திருப்பிக் கேப்பம். பிள்ளை உடன மறுமொழியை மாத்தும். பியாஜே எண்ட பெரிய ஆராய்ச்சியாளர் ரெண்டு வரிசையில சம அளவு பொருள் வைச்சு, ரெண்டிலயும் ஒரே அளவோ எண்டு கேட்டு, பிறகு ஒரு வரிசையை அகட்டி வைச்சுத் திருப்பிக் கேக்கேக்க சின்னப் பிள்ளையள் நீளமான வரிசையில கூட எண்டு சொன்னதால அதுகளுக்கு எண்ணிக்கை மாறாதெண்டது விளங்கேல்லை எண்டவர். 1974ல மக்காரிகிள், டொனால்ட்சன் எண்ட ரெண்டு பேர் அதையே ஒரு குழப்படிக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைக்கிற மாதிரிச் செய்து கேட்டால் கன பிள்ளையள் சரியாச் சொல்லிச்சினம். பெரியாள் தானே அகட்டி வைச்சுப்போட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால் என்னவோ மாறியிருக்கு, நான் முதல் சொன்னது பிழை போல எண்டுதான் பிள்ளை எடுக்கும். ஆனபடியால் மகனிட்ட ஒரு தரம் கேளுங்கோ, சொன்னதை ஏற்றுக்கொண்டு "எப்பிடிக் கண்டுபிடிச்சனி?" எண்டு கேளுங்கோ, சரியாச் சொன்னாலும் பிழையாச் சொன்னாலும் அதே குரலில.

சொல்லாலயும் பிள்ளை தடக்குப்படும். அஞ்சு குருவி, மூண்டு புழு, "புழுவை விடக் குருவி எத்தினை கூட?" எண்டு கேட்டால் நேசரிப் பிள்ளையளில நூற்றுக்கு 17தான் சரியாச் சொல்லிச்சுது. அதே படத்தைக் காட்டி, ஒவ்வொரு குருவியும் ஒரு புழு எடுக்கப் போட்டியிட்டால் "எத்தினை குருவிக்குப் புழுக் கிடைக்காது?" எண்டு கேக்க நூற்றுக்கு 83. ஹட்சன் எண்டவர் 1983ல செய்து காட்டினது இது. கணக்கு ஒண்டுதான், மாறினது கேள்வி. இதை வாசிக்கேக்க எத்தினை பிள்ளையளை நான் விளங்காத பிள்ளை எண்டு நினைச்சிருப்பன் எண்டு எனக்கு மனம் சரியா நொந்தது.

ஒரு பெடியனைப் பற்றிச் சொல்லியே ஆகவேணும். தரம் 2, கொப்பியில கூட்டல் கழித்தல் எல்லாம் பிழை, என்ர சிவப்புக் கோடுதான் பக்கம் முழுக்க. ஒரு சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் தாய் மரக்கறி வைச்சிருக்கிறா, அவன் பக்கத்தில சாக்கில இருக்கிறான். கத்தரிக்காய் அரைக் கிலோ 18 ரூவா, பச்சைமிளகாய் 12 ரூவாக்கு எடுத்து அம்பது ரூவா குடுத்தன். தாய் வேற ஆளோட நிக்க அவன்தான் காசை வாங்கினவன். "பதினெட்டும் ரெண்டும் இருவது, மிச்சம் பத்து, முப்பது ரீச்சர்" எண்டு சொல்லி இருவது ரூவாத் தாளைத் தந்தான். திங்கக்கிழமை அதே கணக்கை 18உம் 12உம் எண்டு ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுதிக் குடுத்தன், 210 எண்டு எழுதியிருந்தவன். எட்டும் ரெண்டும் பத்து எண்டு கீழ எழுதி, ஒண்டும் ஒண்டும் ரெண்டு எண்டு முன்னுக்கு எழுதிப்போட்டான். சந்தையில பதினெட்டை இருவதாக்கின அந்த மூளை கொப்பியில எங்க போச்சுது? அது அவன்ர பிழை இல்லை, என்ர பிழை. சந்தையில அவனுக்குப் பதினெட்டு எண்டது ஒரு தொகை, நான் அதை ஒண்டு, எட்டு எண்டு ரெண்டு துண்டாக்கிக் கோட்டுக்கு மேல வைச்சுப்போட்டன். பிரேசிலில ரெசிஃபே எண்ட நகரத்தில தெருவில விக்கிற அஞ்சு பிள்ளையளை வைச்சு 1985ல இதைக் காட்டியிருக்கினம், தெருவில விக்கேக்க கேட்ட கணக்கில 98 வீதம் சரி, அதே பிள்ளையளுக்குத் தாளில வெறும் கணக்காக் குடுக்க 37 வீதம். ஒரு பெடியன் 35 படி பத்துத் தேங்காய்க்கு, மூண்டு 105, இன்னொரு மூண்டு சேர்த்து 210 எண்டு மனதால கூட்டிக்கொண்டு போய் 350 சொல்லுறான். அதை எழுதிச் செய்யச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்குமோ.

அந்தப் பெடியனுக்குப் பிறகு நான் செய்தது, எழுத முதல் எந்தக் கணக்கையும் வாயால சந்தைக் கணக்காக் கேக்கிறது. உங்கட மகனுக்கும் அப்பிடித்தான், கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஆனா காசை வைச்சுத் தொடங்காதேங்கோ. இப்ப ஒரு ரூவாக் குத்திக்கு ஒண்டும் வாங்கேலாது, எல்லாம் நூற்றுக்கணக்கில நிக்குது, நாலரை வயதுக்கு அது எண்ணே இல்லை. அதோட ஒரு அஞ்சு ரூவாக் குத்தியும் அஞ்சு ஒரு ரூவாக் குத்தியும் சமன் எண்டதும் இந்த வயதுக்குப் பெரிய விசயம். பொருளை எண்ணட்டும். ரெண்டு முருங்கைக்காய், நாலு வாழைக்காய், பையுக்குள்ள அவனே போடட்டும்.

பங்கு பிரிக்கிறதையும் அவனிட்டக் குடுங்கோ. கச்சான் ஒரு சரை வாங்கினால் "உனக்கொண்டு எனக்கொண்டு அப்பாக்கொண்டு" எண்டு அவன்தான் பிரிக்கவேணும், பிரிச்சுப்போட்டு எல்லாருக்கும் ஒரே அளவோ எண்டு பாக்கவேணும். வகுத்தல் அங்கதான் தொடங்குது. "பெரிய பாதி எனக்கு" எண்டு சொன்னால், பாதி எண்டால் ரெண்டும் ஒரே அளவாத்தான் இருக்கவேணும் எண்டு தோசையை மடிச்சுக் காட்டுங்கோ.

விரலால எண்ணினால் தட்டிவிடாதேங்கோ. கனபேர் விரல் மடிக்கிற பிள்ளை மொக்கு எண்டு நினைச்சுக் கையைப் பிடிக்கினம், எங்கட ஆச்சிமார் பெருவிரலால விரல் கணுவைத் தொட்டுத் தொட்டுப் பெரிய பெரிய கணக்கெல்லாம் பாத்தவை. மூண்டும் அஞ்சும் எண்டால் முதல்ல எல்லா விரலையும் எண்ணுவான், கொஞ்சக் காலத்தால அஞ்சை மனதில வைச்சுக்கொண்டு "ஆறு, ஏழு, எட்டு" எண்டு தொடருவான், அது தானா வாற வளர்ச்சி. ஏழு எட்டு வயதுக்குள்ள விரலின்ர தேவை குறைஞ்சுகொண்டு போகும். அந்த வயதிலயும் மூண்டுக்கும் நாலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கஷ்டப்பட்டால்தான் ஆரிட்டையும் காட்டவேணும், அதுக்கு முதல் கண்ணையும் காதையும் ஒருக்காப் பாக்கிறது நல்லது.

தரம் 1ஐப் பற்றிப் பயந்து எழுதியிருந்தீங்கள். 1998ல தொடங்கின ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்துக்குப் பிறகு தரம் 1, 2 எண்டது முதலாம் முதன்மை நிலை, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை எண்டு மூண்டாப் பிரிச்சு, அதில எழுத்து வேலைதான் ஆகக் குறைய இருக்கவேணும் எண்டுதான் வைச்சிருக்கிறது. போன உடன புது ரீச்சர் பிள்ளைக்கு என்ன தெரியும் எண்டு பாக்கவும் நேரம் ஒதுக்கியிருக்கு. நூறு மட்டும் எழுதத் தெரியோணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பயத்தை நாலரை வயதுக்கு இறக்குறது நாங்கள்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளை வேர்க் புக் முடிச்சிட்டுதெண்டு கேட்ட உடன எங்களுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிடும். நானும் ஒரு தாய்தான், எனக்கும் அடிச்சது.

கடைசியில மகன்ர அப்பா மூண்டு வேர்க் புக் வாங்கிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார் எண்டு எழுதியிருந்தீங்கள். வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அந்தக் காசுக்கு ஒரு சோடி தாயக்கட்டையும் கொஞ்சம் கச்சானும் வாங்கிக்கொண்டு, வேலையால கொஞ்சம் வெள்ளன வரச் சொல்லுங்கோ, ராச் சாப்பாட்டுக்கு முதல் விறாந்தையில இருந்து ரெண்டு பேரும் சிரட்டை விளையாடட்டும். புளியங்கொட்டைச் சோதினையில மகன் எந்த எண்ணில வந்து அள்ளினவன் எண்டு எனக்கு எழுதுங்கோ, அதைப் பாத்துத்தான் அடுத்தது என்ன செய்யலாம் எண்டு சொல்லுவன்.